டர்போ எஞ்சினுக்கு எந்த கேம்?

டர்போ இல்லாத ஒரு பெட்ரோல் எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, வால்வுகளை இன்னும் அதிக நேரம் திறந்து வைக்கும் ‘ரேஸ் கேம்’ ஒன்றைப் பொருத்தினால் மேல் சுற்றில் சக்தி கூடும். பந்தயக் கார்ப் பட்டறைகளுக்கு இது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். அதே அளவுள்ள கேமை ஒரு டர்போ எஞ்சினில் போட்டால் கதை மாறிவிடுகிறது. பிக்கப் போகிறது, ஸ்லோவில் எஞ்சின் குலுங்குகிறது, மேல் சுற்றிலும் நினைத்த சக்தி வருவதில்லை. டர்போதான் காற்றை அழுத்தித் திணிக்கிறதே, வால்வு கூடுதல் நேரம் திறந்திருந்தால் இன்னும் நிறையக் காற்று உள்ளே போக வேண்டாமா? விடை காற்று நுழையும் வழியில் இல்லை. புகை வெளியேறும் வழியில் இருக்கிறது.

கேம் ஷாஃப்ட்டுக்குத் தமிழ்க் கலைச்சொல் நெம்புருள் தண்டு. எஞ்சினின் தலைப்பகுதியில், அதாவது ஹெட்டில், நீளவாக்கில் கிடக்கும் இரும்புத் தண்டு அது. அதன் மேல் வரிசையாக முட்டை வடிவ மேடுகள் இருக்கும். தண்டு சுழலும்போது ஒவ்வொரு மேடும் தன் வால்வை அழுத்தித் திறக்கும். மேடு நகர்ந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடும். சிலிண்டருக்குள் பிஸ்டன் இரண்டு முறை இறங்கி இரண்டு முறை ஏறினால் ஒரு சுழற்சி முடிகிறது: காற்றை இழுக்க ஓர் இறக்கம், அழுத்த ஓர் ஏற்றம், எரிந்து தள்ள ஓர் இறக்கம், புகையை வெளியேற்ற ஓர் ஏற்றம். இதற்குள், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுழன்றிருக்கும். கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில், ஒரே ஒரு சுற்று சுற்றும்.

ஒரு கேமின் குணத்தை நான்கு அளவுகள் சொல்லிவிடும். கிராங்க் எத்தனை டிகிரி சுழலும் வரை வால்வு திறந்திருக்கிறது என்பது திறப்புக் கோணம்; பட்டறைப் பேச்சில் ‘டியூரேஷன்’. எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பது ‘லிஃப்ட்’. காற்று வால்வின் மேட்டு உச்சிக்கும் புகை வால்வின் மேட்டு உச்சிக்கும் உள்ள இடைவெளி, கேம் தண்டின் டிகிரியில், மேட்டிடைக் கோணம். இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் சிறு பொழுது ‘ஓவர்லாப்’, கூட்டுத் திறப்பு எனலாம். ஓவர்லாப்பைத் தனியாகச் செதுக்க முடியாது. திறப்புக் கோணமும் மேட்டிடைக் கோணமும் முடிவானால் அது தானே முடிவாகிவிடும்.

இந்த வேலைகள் நடக்கும் வேகத்தையும் மனதில் கொள்ள வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. திறப்புக் கோணம் 240 டிகிரி என்றால், ஒருமுறை திறந்து மூடக் கிடைப்பது நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்குகூட இல்லை. காற்றுக்கும் எடை உண்டு, எடை உள்ள எதற்கும் கிளம்பவும் நிற்கவும் நேரம் பிடிக்கும். அதனால்தான் காற்று வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டதும் மூடிவிடுவதில்லை. பிஸ்டன் மேலே கிளம்பி 40, 50 டிகிரி கடந்த பிறகே மூடுகிறது. வேகமாக ஓடும் எஞ்சினில், குழாய்க்குள் பாய்ந்து வரும் காற்று தன் உந்தத்திலேயே அந்தக் கடைசி நேரத்திலும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். 1,500 சுற்றில் காற்றுக்கு அந்த உந்தம் இல்லை. ஏறி வரும் பிஸ்டன், இழுத்த காற்றில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். பெரிய கேம் போட்ட வண்டியில் கீழ் சுற்றில் இழுவை குறைவதற்கு முதல் காரணம் இதுதான்.

இப்போது ஓவர்லாப். புகையைத் தள்ளி முடிக்கும் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே காற்று வால்வு திறக்கத் தொடங்கும். புகை வால்வு சற்றுப் பின்னர்தான் மூடும். நிலையத்தில் நிற்கும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளலாம். பின்படியில் ஏறுகிறார்கள், முன்படியில் இறங்குகிறார்கள். இரண்டு படியும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், ஏறுகிறவர்கள் தள்ளும் தள்ளில் இறங்க வேண்டியவர்கள் விறுவிறுவென இறங்கிவிடுவார்கள். வண்டி சுத்தமாகக் காலியாகிப் புதிதாக நிரம்பும். ஆனால் முன்படிக்கு வெளியே அதைவிடப் பெரிய கூட்டம் முண்டியடித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? இறங்கப்போனவர்கள் திரும்ப உள்ளே தள்ளப்படுவார்கள், பின்படியில் ஏறியவர்களும் நெரிபடுவார்கள். படிகள் எவ்வளவு நேரம் சேர்ந்து திறந்திருக்கின்றனவோ, அந்த அளவுக்கு நல்லதும் நடக்கும், கெட்டதும் நடக்கும். எந்தப் பக்கத் தள்ளு வலுவானது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

டர்போ இல்லாத பந்தய எஞ்சினில் முன்படிக்கு வெளியே கூட்டமே இல்லை. புகைக் குழாய்கள் சரியான நீளத்தில் இருந்தால், வெளியேறும் புகையின் அலை ஒரு கணம் உறிஞ்சல்கூடத் தரும். அந்த உறிஞ்சல் புதுக் காற்றைச் சிலிண்டருக்குள் இழுக்கும். அதனால் 60, 70 டிகிரி ஓவர்லாப்கூட அங்கே லாபம்தான்.

டர்போ எஞ்சினில் புகைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. வெளியே போகும் வழியில் ஒரு சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனையின் சாரம் அதுதான்: வீணாகும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டுவது. புகைச் சக்கரத்தைச் சுற்ற வேண்டுமானால் அதற்கு முன்னால் அழுத்தம் சேர்ந்தாக வேண்டும். காற்றுப் பக்கத்து அழுத்தத்தை ‘பூஸ்ட்’ என்கிறோம். புகைப் பக்கத்து அழுத்தத்தைப் புகையழுத்தம் எனலாம். காரின் டயல்களிலும் விளம்பரங்களிலும் தென்படுவது பூஸ்ட் மட்டுமே. கேமைத் தேர்ந்தெடுக்க உண்மையில் தெரிய வேண்டியது மற்றது.

ஆலையில் பொருத்தப்படும் டர்போக்கள் பெரும்பாலும் சிறியவை. கீழ் சுற்றிலேயே சுழன்று எழ வேண்டும் என்பதற்காக அவற்றின் புகைவழி குறுகலாக வைக்கப்படுகிறது. மேல் சுற்றில் அந்தக் குறுகலான வழியே முட்டுக்கட்டையாகிறது. பூஸ்ட் 1 பார் இருக்கும்போது புகையழுத்தம் ஒன்றரை, சில சமயம் 2 பார்கூட ஆகிவிடும். அந்த நேரத்தில் ஓவர்லாப் நீண்டால், சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள புகை சிலிண்டருக்குள்ளும் அதைத் தாண்டிக் காற்றுக் குழாய்க்குள்ளும் திரும்பிப் பாய்கிறது. புதுக் காற்றின் இடத்தை அது பிடித்துக்கொள்வது ஒரு நஷ்டம். கலவை முழுவதையும் சூடேற்றி, அது தாறுமாறாகத் தானே வெடிக்கும் ‘நாக்கிங்’கை வரவழைப்பது அதைவிடப் பெரிய நஷ்டம். நாக்கிங்கை உணர்ந்த எஞ்சின் கணினி, தீப்பொறியைத் தாமதப்படுத்தும், எஞ்சினைக் காக்கப் பெட்ரோலையும் கூட்டும். பூஸ்ட் மீட்டர் அதே 1 பாரைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். வண்டி மட்டும் இழுக்காது. முதலில் கேட்ட புதிருக்கு இதுவே விடை.

இது வெறும் ஊகம் இல்லை. புகையழுத்தத்தை அளப்பது ஒரு நல்ல பட்டறையில் முடிகிற வேலை. டர்போவுக்குச் சற்று முன்னால், புகைக் குழாய்கள் ஒன்று சேரும் இடத்தில் சிறு துளை போட்டு ஒரு நிப்பிளை வெல்டிங் செய்கிறார்கள். அதிலிருந்து மெல்லிய எஃகுக் குழாயைச் சில சுருள்களாக வளைத்து நீளமாகக் கொண்டுவருகிறார்கள், சூடு தணிந்த பிறகே மீட்டருக்குப் போக வேண்டும் என்பதற்காக. நேரடியாக மாட்டினால் மீட்டர் வெந்துவிடும். பக்கத்திலேயே பூஸ்ட் மீட்டர். காரை, சக்தியை அளக்கும் டைனோவின் உருளைகள் மேல் ஏற்றி, 2,000 சுற்றிலிருந்து உச்சம் வரை முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, இரண்டு முள்ளையும் ஒருசேரப் படம் பிடித்தால் போதும். எந்தச் சுற்று வரை பூஸ்ட் மேலே இருக்கிறது, எங்கிருந்து புகையழுத்தம் முந்துகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். எஞ்சின் ஆலைகளின் ஆய்வுக்கூடங்கள் இன்னும் ஒரு படி உள்ளே போகின்றன. அழுத்தம் பட்டால் மின்னூட்டம் தரும் குவார்ட்ஸ் படிக உணரியைச் சிலிண்டருக்குள்ளேயே பொருத்தி, கிராங்க்கின் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தத்தைப் பதிவு செய்கிறார்கள். ஓவர்லாப் நேரத்தில் புகை உள்ளே திரும்புகிறதா என்பதை டிகிரி டிகிரியாகச் சொல்ல முடிவது இந்தப் பதிவுகளால்தான்.

அந்தப் பதிவுகள் இன்னொன்றையும் காட்டின. ஓவர்லாப் எப்போதும் டர்போவுக்கு எதிரி இல்லை. 1,500 முதல் 2,500 சுற்று வரை, முழு ஆக்சிலரேட்டரில், சிறிய டர்போ நன்றாக எழுந்துவிட்ட நிலையில், பூஸ்ட்டே புகையழுத்தத்தைவிட மேலே இருக்கக்கூடும். அப்போது ஓவர்லாப்பைக் கூட்டினால் பழைய புகை துடைத்துப் போட்டதுபோல் வெளியேறுகிறது, கூடவே கொஞ்சம் புதுக் காற்றும் நேராகப் போய் டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றுகிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. பெட்ரோலைக் காற்றுக் குழாயில் தெளிக்கும் எஞ்சினில் அப்படிக் கடந்து போவது வெறும் காற்றாக இருக்காது, பெட்ரோல் கலந்த காற்றாக இருக்கும். அது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரியும். பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே, புகை வால்வு மூடிய பின் தெளிக்கும் நேரடித் தெளிப்பு எஞ்சினில் அந்தச் சேதம் இல்லை.

தமிழ்நாட்டில் தயாராகும் இரண்டு எஞ்சின்களை அருகருகே வைத்தால் விஷயம் துலங்கும். ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையின் ஐ20 என் லைனில் உள்ள 998 சி.சி. டர்போ, நேரடித் தெளிப்பு வகை. 120 பி.எஸ். சக்தி 6,000 சுற்றில். 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1,500 முதல் 4,000 சுற்று வரை. ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட்டின் 999 சி.சி. டர்போவில் பெட்ரோல் காற்றுக் குழாயில் தெளிக்கப்படுகிறது. அதன் சக்தி 5,000 சுற்றில் 100 பி.எஸ்.; கையால் கியர் மாற்றும் வகையில் உச்ச முறுக்குவிசையான 160 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 2,800 முதல் 3,600 சுற்று வரை. இந்த வித்தியாசத்துக்கு டர்போவின் அளவு, பூஸ்ட், கணினியின் அமைப்பு எனக் காரணங்கள் பல. ஆனால் கீழ் சுற்றில் ஓவர்லாப்பைத் தாராளமாகப் பயன்படுத்தும் வாய்ப்பு முதல் வகைக்கே உண்டு. ஒரு கேம் இந்த எஞ்சினில் நன்றாக வேலை செய்தது என்பதற்காக அந்த எஞ்சினிலும் செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

இரண்டுமே மூன்று சிலிண்டர் எஞ்சின்கள். டர்போ கேம் விஷயத்தில் இது அதிர்ஷ்டமான எண்ணிக்கை. மூன்று சிலிண்டரில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 240 டிகிரி இடைவெளி. புகை வால்வின் திறப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், ஒரு சிலிண்டர் வாயை மூடும் நேரத்தில்தான் அடுத்தது திறக்கும். நான்கு சிலிண்டரில் இடைவெளி 180 டிகிரிதான். ஒரு சிலிண்டர் ஓவர்லாப்பில் இருக்கும்போதே, அடுத்த சிலிண்டர் தன் புகையை முழு வேகத்தில் அதே குழாயில் கொட்டத் தொடங்கிவிடும். அந்த அடி முதல் சிலிண்டருக்குள் திரும்பிப் பாயும். இதைத் தவிர்க்கத்தான் நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் ஒன்று-நான்கு, இரண்டு-மூன்று எனச் சிலிண்டர்களை ஜோடி பிரித்து இரு தனி வழிகளில் டர்போவுக்குக் கொண்டுபோகும் ‘ட்வின் ஸ்க்ரோல்’ ஏற்பாடு வந்தது. அது இல்லாத நான்கு சிலிண்டர் எஞ்சினில் புகை வால்வின் திறப்புக் கோணத்தை நீட்டுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

கேம் மாற்றினால் லாபம் எங்கே இருக்கிறது என்பதும் மேலே சொன்ன எண்களிலேயே அடங்கியிருக்கிறது. 6,000 சுற்றில் 120 பி.எஸ். என்றால் அந்தச் சுற்றில் முறுக்குவிசை சுமார் 140 நியூட்டன் மீட்டர். 4,000 சுற்றில் 172 இருந்தது அங்கே 140 ஆகிவிடுகிறது. எஞ்சினுக்கு மூச்சு முட்டும் இடம் 4,000-க்கு மேல்தான். அந்தச் சரிவை ஓரளவு தாங்கிப் பிடிப்பதே கேமால் முடிகிற வேலை. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. சரிவுக்குக் காரணம் சிறிய டர்போவின் புகையழுத்தம் என்றால், டர்போவை அப்படியே வைத்துக்கொண்டு கேமை மட்டும் பெரிதாக்கினால் ஒன்றும் நடக்காது. முதலில் புகைவழி அகல வேண்டும். பெரிய டர்போ வந்த பிறகே பெரிய கேமுக்கு அர்த்தம் வரும்.

அடுத்த கேள்வி, அந்த 4,000-க்கு மேற்பட்ட சுற்று அந்தக் காருக்கு எத்தனை நேரம் தேவைப்படுகிறது என்பது. எலவனாசூர்கோட்டையில் ஓடும் ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிப் போகும் நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு தியாகதுருகம், கள்ளக்குறிச்சி என நீள்கிறது. அதில் மேல் கியரில் சீராகப் போகும் சிறு டர்போ காரின் எஞ்சின் 2,000 சுற்றுக்குச் சற்று மேலேதான் ஓடும். கரும்பு வெட்டும் பருவத்தில், சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு போகும் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி, எதிரே இடைவெளி கிடைத்ததும் எட்டிப் பிடித்து முந்த வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கு வேண்டியது 2,000 முதல் 3,500 சுற்று வரை கிடைக்கும் இழுவை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைச்சாலையில் தேவை இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் திரும்பி நிமிரும்போது எஞ்சின் 2,000-க்குக் கீழே இருக்கும். டர்போ இன்னும் முழுதாக எழுந்திருக்காது. அந்த ஓரிரு நொடி, வண்டி டர்போ இல்லாத 1,000 சி.சி. எஞ்சினாகவே மலை ஏறுகிறது. அப்போது காற்று வால்வு தாமதமாக மூடினால் இழுத்த காற்றும் திரும்பிப் போகும், டர்போவைச் சுழற்றப் புகையும் குறையும், டர்போ எழுவது இன்னும் தள்ளிப்போகும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கு இந்தக் கவலை இல்லை. அது 4,000-க்குக் கீழே வருவதே அரிது. அங்கே பொருந்தும் கேம் வெள்ளிமலைச் சாலையில் பொருந்தாது. சாலையில் ஓடும் டர்போ காருக்கு ஆலை கொடுத்த கேமே பெரும்பாலும் சரியானது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் கணக்கு இப்படிப் போகும். இரு வால்வுக்கும் திறப்புக் கோணம் 240, மேட்டிடைக் கோணம் 110 உள்ள ஒரு சாதாரணக் கேமில் ஓவர்லாப் 20 டிகிரி வரும். 280 திறப்பும் 106 இடைக்கோணமும் கொண்ட டர்போ இல்லாத பந்தயக் கேமில் அதுவே 68 டிகிரி. டர்போவுக்கான மிதமான கேம் 250 திறப்பும் 114 இடைக்கோணமும் கொண்டதாக இருந்தால் ஓவர்லாப் 22 டிகிரிதான். திறப்பு 10 டிகிரி கூடியும், மேடுகளை விலக்கி வைத்ததால் ஓவர்லாப் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது. டர்போ கேம்களில் மேட்டிடைக் கோணம் அகலமாக இருப்பதன் காரணம் இது. ஆனால் இதற்கும் விலை உண்டு. காற்று வால்வு மூடுவது 9 டிகிரி பின்னே தள்ளிப்போகிறது, புகை வால்வு திறப்பது 9 டிகிரி முன்னே வந்துவிடுகிறது. முதலாவது மலைச்சாலையில் உறைக்கும். இரண்டாவதில் நன்மையும் தீமையும் கலந்திருக்கின்றன. வால்வு சீக்கிரம் திறந்தால், இன்னும் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருக்கும் சூடான வாயு வெளியேறி டர்போவைச் சுழற்றும். பிஸ்டன் இழந்தது டர்போவுக்குப் போகும்.

இரண்டு கடைகளின் கேம்களை எண்களை வைத்து ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. வால்வு இருக்கையை விட்டு நகர்ந்த கணத்திலிருந்து திறப்பை அளப்பவர்கள் உண்டு. 1 மில்லிமீட்டர் இறங்கிய பிறகே அளக்கத் தொடங்குபவர்களும் உண்டு. ஒரே கேம் முதல் முறையில் 264 என்றும் இரண்டாவதில் அதைவிட மிகக் குறைவாகவும் எழுதப்படும். எந்த உயரத்தில் அளந்தது என்று எழுதாத எண்ணை வைத்து எதையும் வாங்கக் கூடாது.

திறப்புக் கோணத்தைவிட லிஃப்ட்டைக் கூட்டுவது டர்போ எஞ்சினுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பான வழி. அது வால்வு திறக்கும், மூடும் நேரத்தைத் தொடுவதில்லை. திறந்திருக்கும் நேரத்தில் வழியை அகலமாக்குகிறது. வால்வின் விட்டத்தில் கால் பங்கு அளவுக்கு இறங்கியதும், அதன் சுற்று விளிம்பில் கிடைக்கும் வழியும் வால்வின் பரப்பும் சமமாகிவிடும். 30 மில்லிமீட்டர் வால்வுக்கு அது 7.5 மில்லிமீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் லாபம் குறைந்துகொண்டே வரும். ஆனாலும் உச்ச லிஃப்ட் 9, 10 என்று இருந்தால், 7.5-க்கு மேலே வால்வு தங்கும் நேரம் கூடும்.

வேகமாக ஏறி இறங்கும் மேடு, ஸ்பிரிங்கின் பொறுப்பைக் கூட்டுகிறது. டர்போவில் இதற்கு ஒரு கூடுதல் சுமையும் உண்டு. மூடியிருக்கும் புகை வால்வின் முதுகில், பக்கத்துச் சிலிண்டர் கொட்டும் புகையின் அடி விழுகிறது. உள்ளே இருப்பதைவிட வெளியே 1 பார் கூடுதலாக இருந்தால், 26 மில்லிமீட்டர் வால்வை 5 கிலோவுக்கு மேற்பட்ட விசை திறக்கப் பார்க்கும். தளர்ந்த ஸ்பிரிங் அதற்குச் சற்று விட்டுக்கொடுத்தாலும் வால்வு துள்ளும், இருக்கை தேயும். கேமோடு ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டுமா என்பதைக் கேம் தயாரித்தவரின் அளவுகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தேவைக்கு மேல் விறைப்பான ஸ்பிரிங்கும் நல்லதல்ல, மேட்டின் முகத்தை அது சீக்கிரம் தின்றுவிடும்.

செலவைக் குறைக்கப் பழைய கேமையே கடைந்து மேட்டைப் பெரிதாக்கித் தரும் வழக்கம் உண்டு. இரும்பைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. மேட்டைத் தவிர்த்த வட்டப் பகுதியைத் தேய்த்துச் சிறிதாக்குகிறார்கள், அதனால் மேடு உயர்ந்ததாகிவிடுகிறது. கேமின் கடினமான மேல்தோல் ஆழமில்லாதது. அதைத் தாண்டிக் கடைந்துவிட்டால் உள்ளே உள்ள மென்மையான இரும்பு சில ஆயிரம் கிலோமீட்டரில் உருக்குலையும். வட்டம் சிறுத்த அளவை, மேட்டுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டாப்பட் எட்டிப் பிடிக்க முடியுமா என்பதும் பார்க்கப்பட வேண்டும். சோலாப்பூரில் உள்ள பிரிசிஷன் கேம்ஷாஃப்ட்ஸ் போன்ற ஆலைகளில் வார்க்கும்போதே மேட்டின் முகத்தை வேகமாகக் குளிர்வித்து அந்தக் கடினத்தை ஏற்றுகிறார்கள். அது பட்டறையில் திரும்பக் கொண்டுவரக் கூடியது இல்லை.

இன்றைய டர்போ எஞ்சின்களின் கேம் தண்டில் வால்வு மேடுகள் மட்டும் இருப்பதில்லை. நேரடித் தெளிப்பு எஞ்சினில் உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப்பை இயக்குவதும் பொதுவாகக் கேமின் ஒரு முனையில் உள்ள மேடுதான். கேம் எங்கே நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லும் பல் சக்கரமும் அதில்தான் இருக்கும். மாற்றாக வரும் கேமில் இவை அதே அளவில், அதே கோணத்தில் அமைந்திருக்க வேண்டும். தண்டின் நுனியில், எண்ணெய் அழுத்தத்தால் கேமை முன்னும் பின்னும் திருப்பும் அமைப்பு இருக்கும். கீழ் சுற்றில் ஓவர்லாப்பைக் கூட்டி, மேல் சுற்றில் குறைக்கும் வேலையை எஞ்சின் அதைக் கொண்டுதான் செய்கிறது. ஆனால் அது திறப்பையும் மூடலையும் சேர்த்தே நகர்த்தும். திறப்புக் கோணத்தை மாற்றாது. அதையும் ஓட்டத்தில் மாற்றும் எஞ்சினை ஹூண்டாய் 2019 ஜூலையில் அறிவித்தது, 1.6 லிட்டர் டர்போவில். நிலையான கேமில் செய்ய வேண்டிய சமரசத்தை ஆலைகள் எவ்வளவு பெரிய குறையாகக் கருதுகின்றன என்பதை அந்த முயற்சியே காட்டுகிறது.

பொருத்தும் வேலையில் தவிர்க்கவே கூடாதது ஒன்று: வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் வால்வுக்காக வெட்டியுள்ள பள்ளங்களில் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் களிமண்ணைத் தட்டையாக அப்புகிறார்கள். ஒட்டாமலிருக்க மேலே ஒரு சொட்டு எண்ணெய். ஹெட்டை மாட்டி, புதுக் கேமை ஏற்றி, கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுகிறார்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு ஹெட்டைத் தூக்கினால் களிமண்ணில் வால்வின் அச்சு பதிந்திருக்கும். அதை பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரால் அளக்கிறார்கள். காற்று வால்வுப் பக்கம் 2 மில்லிமீட்டரும் புகை வால்வுப் பக்கம் 2.5 மில்லிமீட்டரும் வழக்கமாகக் கேட்கப்படும் குறைந்தபட்ச இடைவெளி. புகை வால்வு சூட்டில் நீளும், அதனால்தான் அதற்குக் கூடுதல். கேமைத் திருப்பும் அமைப்பு உள்ள எஞ்சினில், அது திரும்பக்கூடிய இரு கோடிகளிலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். நடுநிலையில் தப்பித்த வால்வு கோடியில் பிஸ்டனைத் தொடலாம். இடைவெளி போதவில்லை என்றால் அந்தத் திருப்பத்துக்கு வரம்பு வைக்க வேண்டும், இல்லையேல் சிறிய கேமுக்கு மாற வேண்டும்.

ஓவர்லாப் கூடினால் ஸ்லோவில் காற்றுக் குழாயின் வெற்றிடம் குறையும். பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை நம்பியே வேலை செய்யும் கார்களில், மலையிறக்கத்துக்கு முன் இதைச் சோதித்தே ஆக வேண்டும். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது பிரேக்கை அடுத்தடுத்துப் பலமுறை மிதித்து, மிதி கல்லாகிறதா என்று பார்ப்பது எளிய வழி. சட்டப் பக்கமும் உண்டு: வாகனத்தில் செய்யும் மாற்றங்களை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது, கேம் மாறினால் புகையின் தன்மையும் மாறும், ஆலையின் உத்தரவாதமும் போய்விடக்கூடும். பந்தயத் தடத்துக்கென ஒதுக்கிய காரில் செய்யக்கூடிய பல மாற்றங்களைச் சாலைக் காரில் செய்ய முடியாமல் போவது இதனால்தான்.

கேம் மாறிய பிறகு கணினியின் பழைய கணக்குகள் பொருந்தாது. அதே பூஸ்ட்டில் உள்ளே போகும் காற்றின் அளவு மாறிவிட்டிருக்கும். பெட்ரோலும் தீப்பொறியும் டைனோவில் சுற்று சுற்றாகத் திரும்ப அமைக்கப்பட வேண்டும். அப்போது புகையழுத்த மீட்டரையும் மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். மேல் சுற்றில் பூஸ்ட் மாறாமல் புகையழுத்தம் முன்பைவிட ஏறியிருந்து, சக்தியும் கூடியிருந்தால், எஞ்சின் கூடுதல் காற்றை உண்மையிலேயே விழுங்குகிறது. நெருக்குவது இனி டர்போதான். புகையழுத்தம் ஏறாமலேயே சக்தி குறைந்திருந்தால் ஓவர்லாப் அதிகம். காற்றுக் கேமை மட்டும் 2 முதல் 4 டிகிரி பின்னுக்குத் திருப்பினால் ஓவர்லாப் அந்த அளவு குறையும், ஆனால் வால்வு மூடுவது அவ்வளவு தாமதமாகும். முன்னுக்குத் திருப்பினால் கீழ் சுற்று இழுவை கூடும், ஓவர்லாப்பும் கூடும். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் டைனோ ஓட்டமும், களிமண்ணில் அளந்த இடைவெளி இன்னும் மிச்சமிருக்கிறதா என்ற கணக்கும் திரும்பத் தேவைப்படும்.